உயர நின்று காணல்

பறவையைக் கண்டு மனிதன் ஏங்கத் தொடங்கிய காலம் மிகப் பழையது. சிறகில்லாத குறையை அவன் குன்றேறித் தீர்த்துக்கொண்டான். குன்றில்லாத ஊரிலே கோபுரம் எழுப்பினான். அதனோடும் அமையாது, சக்கரமொன்றைச் செங்குத்தாக நிறுத்தி அதன் விளிம்பில் ஏறி அமர்ந்தான். நம் கோயில் திருவிழாக்களிலே சிறுவர் ஆரவாரித்து ஏறும் இராட்டினம் அதுவே. அந்த இராட்டினம் இன்று பெருநகரங்களின் அடையாளமாக வளர்ந்துவிட்டது.

1889 இல் பாரிஸ் நகரம் ஈபிள் கோபுரத்தை எழுப்பியது. அதற்கு ஈடாக ஒன்று வேண்டுமென்று அமெரிக்கர் விரும்பினர். 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே ஜோர்ஜ் பெரிஸ் என்னும் பொறியியலாளர் ஏறத்தாழ 80 மீற்றர் உயரமான சக்கரத்தை நிறுத்தினார். அதில் 36 பெட்டிகள் இருந்தன; பெட்டிக்கு 60 பேர் ஏறலாம். அது 1906 இல் தகர்க்கப்பட்டது. ஆனால் 1897 இல் வியன்னாவில் அமைந்த சக்கரம் இன்றும் சுழல்கிறது. 2000 ஆம் ஆண்டில் இலண்டன் 135 மீற்றர் சக்கரத்தை மக்களுக்குத் திறந்துவிட்டது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், 2008 இல் 165 மீற்றர் உயரத்தில் 'சிங்கப்பூர் பிளையர்' எழுந்தது. 2014 வரை உலகில் அதுவே மிக உயர்ந்த சக்கரம். இப்போது அப்பெருமை 2021 இல் திறக்கப்பட்ட 250 மீற்றர் துபாய்ச் சக்கரத்துக்கு உரியது.

சிங்கப்பூர்ச் சக்கரத்தில் 28 கண்ணாடிக் கூடுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 28 பேர் நிற்கலாம். பழைய இராட்டினங்களிலே பெட்டிகள் தம் பாரத்தால் தொங்கி நிமிர்ந்து நிற்கும். இங்கோ கூடுகள் சக்கரத்தின் வெளிப்புறத்தே பொருத்தப்பட்டவை. ஆதலால் உச்சியில் நிற்பவரின் பார்வையைச் சட்டங்கள் மறைப்பதில்லை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். ஏறுபவரும் இறங்குபவரும் இருக்கையில் சக்கரம் நிற்க வேண்டியதில்லை; அத்துணை மெதுவான ஓட்டம். நகரின் செல்வம் வெளியே போகிறதென்று சீன மனையடி சாத்திரம் வல்லோர் சொன்னதால், 2008 ஆகஸ்டில் சக்கரம் சுழலும் திசையையே மாற்றினார்கள்!

நம் தம்புள்ளைப் பாறையும் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 160 மீற்றர் உயர்ந்தது. சிங்கப்பூர்ச் சக்கரத்தின் உயரத்துக்கு இஃது அதிகம் குறைந்ததன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாறையில் நாம் மூச்சு வாங்கி ஏறுகிறோம். சக்கரம் நம்மை ஏற்றிவிடுகிறது. முதியவர்க்கும் கால் தளர்ந்தவர்க்கும் உயரத்தைத் திறந்துவிட்டமை அதன் பெருமை. எனினும் கால் நோகாமல் கிடைத்த உயரம் காட்சியை மட்டுமே தருகிறதா, கருத்தையும் தருகிறதா என்று கேட்க வேண்டியுள்ளது.

இக்கேள்விக்கு நம் இலக்கியத்தில் இரு விடைகள் உள. கையிற் பொருளுடையோன் தொழில் செய்வதை, குன்றின்மேல் நின்று யானைப்போர் காண்பதற்கு வள்ளுவர் உவமை கூறினார். அங்கே உயரம் பாதுகாப்பு, பார்ப்பவனுக்குத் துன்பமில்லை. புறநானூற்றில் கபிலர் காட்டும் காட்சி வேறு. பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர், குப்பைமேட்டில் ஏறி நின்று உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர். மலையுச்சியில் நின்று பகையரசரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். இங்கே உயரம் இழப்பின் அளவுகோலாகிறது.

தம்புள்ளைப் பாறையின் அடியிலே மாத்தளை நோக்கிச் செல்லும் வீதியைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாகவே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வீதி தெரியும், வீழ்ந்தவர் தெரியார்.

சிங்கப்பூரிலும் இஃதே நிலை. சக்கரத்தின் உச்சியிலிருந்து கடலும் கப்பல்களும் வானளாவிய மாடங்களும் தெரியும். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்திலேதான் அச்சக்கரமே நிற்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சென்னை முதலிய மாகாணங்களிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் அந்நகரின் வீதிகளையும் புனித அந்திரேயா பேராலயத்தையும் கட்டினார்கள். அவர்தம் கைகளைக் கண்ணாடிக் கூடு காட்டாது.

ஆகவே உயர ஏறுவோம், அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அரை மணி நேரத்தில் சக்கரம் நம்மைத் தரையிலே இறக்கிவிடும். அதன்பின் அவ்வீதிகளில் நடந்து, அவற்றை அமைத்தவர்களின் கதையைக் கேட்க வேண்டும். தொலைவிலே புள்ளியாய்த் தெரிந்தவனை அருகே அழைத்து முகம் காட்டுவது இலக்கியத்தின் வேலை.