ஊர் பெயர் இல்லை, கல்லின் பெயர்! சேலம் 'மேக்னசைட் ஜங்ஷன்' உருவான கதை

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை பக்கம் ரயிலில் போயிருக்கீங்களா? சேலம் ஜங்ஷன் தாண்டியதும் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். ஓமலூர், மேட்டூர் அணைக்குப் போகும் பாதை பிரிவது இங்கேதான். ஒரு கல்லின் பெயர் ரயில் நிலையத்துக்கு எப்படி வந்தது?

அது என்ன கல்?

ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேர்னு தெரியும் மண்ணைப் பார்த்து, ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'சாக் ஹில்ஸ்'. ஆனால் அது சாக் இல்லை, மெக்னீசியம் கார்பனேட். இதைச் சூளையில் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். இது உருக சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதனால்தான் இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு இதில் செய்த செங்கல் தேவைப்படுகிறது.

ரயிலுக்கு என்ன வேலை?

சென்னையிலிருந்து சேலம் வழியாகப் போகும் ரயில் பாதை 1862-லேயே கேரளாவின் பேப்பூரை எட்டிவிட்டது. சுரங்கத் தொழில் அதற்குப் பிறகு வளர்ந்தது. கனமான சரக்கு, தூரத்தில் இருக்கும் உருக்காலைகள். பக்கத்திலேயே தண்டவாளம் இருந்தது பெரிய வசதி.

கல் எடுப்பது சுலபமா?

இல்லை. பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு மாதிரி வெள்ளைக்கல் ஓடும். கொஞ்சம் கல்லுக்காக நிறைய பாறையை உடைக்க வேண்டும். பிறகு சுத்தியலால் தட்டி, கையால் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். அப்பகுதியில் மலைபோல் குவிந்திருப்பது இப்படி மிஞ்சிய கழிவுப் பாறைதான்.

யார் நடத்துகிறார்கள்?

1979-ல் தமிழக அரசு 'டான்மேக்' நிறுவனத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் பர்ன் ஸ்டாண்டர்ட் ஆலை 2011-ல் செயில் வசம் போனது. டால்மியாவும் இங்கே இருந்தது.

சிக்கல் எங்கே?

சுற்றுச்சூழல் அனுமதி பிரச்னையால் சில ஆண்டுகள் சுரங்கங்கள் நின்றுபோயின. அனுமதி இல்லாமல் மலையடிவாரத்தைத் தோண்டக் கூடாது என்பது நியாயம். ஆனால் வேலை நின்றதும் முதலில் அடிபட்டது கல் பொறுக்கும் கூலித் தொழிலாளியும், லாரி ஓட்டுபவரும், பக்கத்து டீக்கடையும்தான். சீன மேக்னசைட் இறக்குமதியின் போட்டி இன்னொரு பக்கம்.

மலை மேலேயும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. சேர்வராயன் மலையின் பாக்சைட்டை நம்பி மேட்டூரில் 1965-ல் மால்கோ அலுமினிய உற்பத்தி தொடங்கியது. 2008-ல் அந்த உற்பத்தி நின்றது.

பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்கள் இன்று மேக்னசைட் ஜங்ஷனில் நிற்பதில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஜன்னல் வழியே பாருங்க. அந்த வெள்ளை மேடுகளை உடைத்தவர்களின் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.