எப்படி இயங்குகிறது? பரணிலிருந்து இறங்கும் மடக்கு ஏணி

அமெரிக்கா, கனடாவின் பல வீடுகளில் சாய்கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே பெரிய பரண் உண்டு. நடைவழிச் சீலிங்கில் தொங்கும் கயிற்றை இழுத்தால் ஒரு பலகைக் கதவு சாய்ந்து இறங்கும். அதன் முதுகில் மூன்றாக மடிந்த மர ஏணி இருக்கும். விரித்து ஏறலாம், மடித்து மூடலாம்.

இந்த ஏணியின் சூட்சுமத்தை நம் மடக்கு அரிவாள்மணையிலும் காணலாம். அலகை நிமிர்த்தும்போது அது ஆணியில் சுழன்று எழுகிறது. பூசணிக்காயை அழுத்தி அரியும்போதோ, அலகின் அடி மணையோடு முட்டி நின்று நம் பலத்தை வாங்குகிறது. அந்த முட்டு தேய்ந்தால் பாரம் ஆணிக்குப் போகும். ஆணித்துளை பெரிதாகி அலகு ஆடும்.

ஏணியின் கீல்கள் அந்த ஆணியைப் போன்றவை. அவற்றின் வேலை மடிப்பது மட்டுமே. விரித்ததும் துண்டுகளின் மரமுனைகள் இடைவெளியின்றி முட்ட வேண்டும். அப்போதுதான் ஏறுபவரின் எடை மரத்தின் வழியாகவே தரைக்கு இறங்கும். கால் நீளமாக இருந்தால் தரை தடுத்து மூட்டு மூடாது. குட்டையாக இருந்தால் கால் அந்தரத்தில் நிற்க, எடை மேலே கதவைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளில் தொங்கும். இரண்டிலும் கீல் வளையும், திருகு பிடுங்கிக்கொள்ளும், மரம் பிளக்கும்.

ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் மூட்டைப் பார்க்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் கடைசித் துண்டை மடித்துவைத்து, மேல் துண்டுகளை நேராக நீட்டிப் பிடித்து, அதே சாய்வில் தரைவரை அளக்க வேண்டும். முன்விளிம்புக்கு ஓர் அளவு, பின்விளிம்புக்கு ஓர் அளவு. இரண்டையும் காலில் குறித்துச் சரிவாக அறுத்தால் பாதம் தரையில் படிந்து உட்காரும். தரைக்குப் புதிதாக ஓடு பதித்தாலோ கம்பளத்தை எடுத்தாலோ இந்த அளவு மாறிவிடும்.

கதவின் இருபுறமும் உள்ள ஸ்பிரிங்குகள் சுமப்பது கதவையும் ஏணியையும்தான், ஆளை அல்ல. கதவு திறந்திருக்கையில் அவை முழுதாக இழுபட்டிருக்கும். அந்த நிலையில் கழற்றினால் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் கதவு ஒருபக்கம் கோணி இறங்கும்.

கதவைச் சுற்றியுள்ள சட்டத்தை வீட்டின் உத்தரத்தோடு பிணைக்க, ஜிப்சம் பலகைக்கான மெல்லிய திருகு உதவாது. அது பாரத்தில் ஒடிந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் அளவில் தடித்த ஆணியோ போல்ட் திருகோதான் வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை நட்டு, போல்ட்டுகளை இறுக்கி, கீலுக்குச் சிறிது எண்ணெய் விட்டு, கால்மரத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள். விரிசல் கண்ட மரத்தைப் பசை போட்டு ஒட்டி ஏறக்கூடாது, மாற்றிவிட வேண்டும். பல மர ஏணிகளின் வரம்பு 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ. தோளில் இருக்கும் பெட்டியும் அந்தக் கணக்கில் சேரும்.