ஒரே பாட்டிலில் ஏன் இத்தனை திராட்சை? போர்தோ ரெட் வைன் கதை

போன வாரம் ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோட். "போர்தோ வைன் பாட்டில்ல ஊர் பேரு, எஸ்டேட் பேரு எல்லாம் இருக்கு. எந்தத் திராட்சைன்னு மட்டும் பெரும்பாலும் இருக்காதே, ஏன்?" குடிக்காதவங்களும் தாராளமா கேக்கலாம். இதுல பாதி விவசாயம், மீதி சமையல்.

சுருக்கமான பதில்: அது ஒரே திராட்சை கிடையாது. போர்தோ, பிரான்ஸோட தென்மேற்குல, அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்துல இருக்கு. அங்க ரெட் வைன்னாலே பெரும்பாலும் கலவைதான். மெர்லோ, கேபர்னே சாவின்யான் ரெண்டும் முக்கியம். மூணாவது கேபர்னே ஃப்ராங்க். பெத்தி வெர்தோ, மால்பெக் எல்லாம் கொஞ்சமா சேரும்.

ஏன் கலக்கணும்? ருசிக்காகன்னு நினைப்போம். அதுக்கும் முன்னாடி ஒரு காரணம் இருக்கு: வானிலை பயம். மெர்லோ சீக்கிரம் துளிர் விடும், சீக்கிரம் பழுக்கும். அதனால ஏப்ரல் மாச உறைபனியில முதல்ல மாட்டும். கேபர்னே சாவின்யான் எல்லாத்துலயும் லேட். உறைபனியில ஓரளவு தப்பிச்சிடும். ஆனா அறுவடை நேரத்து மழையில மாட்டிக்கும். ரெண்டையும் நட்டு வெச்சா, ஒண்ணு கவுந்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். நம்ம பாஷையில சொன்னா, மொத்த சைட்டையும் ஒரே சர்வர்ல ஓட்டாம இருக்கிறது.

அப்படியும் சில வருஷம் அடி விழும். 2017 ஏப்ரல் கடைசியில வந்த உறைபனியால, அந்த வருஷ உற்பத்தி முந்தின வருஷத்தைவிட சுமார் 40% குறைஞ்சுது. விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு அறுவடைதான். ரோல்பேக் எல்லாம் கிடையாது.

மண்ணுக்கும் இதுல பங்கு இருக்கு. ஜிரோண்ட் ஆத்துக்கு இடது கரையில சரளைக்கல் மண். தண்ணி வடிஞ்சிடும், சூடு தங்கும். லேட்டா பழுக்கிற கேபர்னே சாவின்யானுக்கு அது தோது. வலது கரைப் பக்கம், செந்த் எமிலியோன், பொம்ரோல்ல எல்லாம், குளிர்ச்சியான களிமண் அதிகம். அங்க மெர்லோ ராஜ்யம். ஒவ்வொரு திராட்சையையும் தனித்தனியா நொதிக்க வெச்சு, அப்புறம் ருசி பார்த்து எது எவ்வளவுன்னு முடிவு பண்றாங்க. அதனால வருஷத்துக்கு வருஷம் விகிதம் மாறும்.

சரி, சாப்பாடு. இங்க முக்கியமான வார்த்தை டானின். பாக்கு மென்னாலோ, பால் இல்லாத ஸ்ட்ராங் டீ குடிச்சாலோ நாக்கு வறண்டு இழுக்கும் இல்லையா, அந்தத் துவர்ப்புதான். டானின் எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிறதால அப்படித் தோணுது. கூட கறி இருந்தா அதோட புரதமும் கொழுப்பும் குறுக்க வந்து துவர்ப்பைக் குறைச்சிடும். அதனாலதான் கேபர்னே அதிகம் இருக்கிற இடது கரை வைனோட, அதே பகுதியான போயாக்கோட ஆட்டுக்குட்டிக் கறி. திராட்சைக் குச்சியை எரிச்சு சுடுற மாட்டு ஸ்டேக்கும் அந்த ஊர் ஸ்பெஷல். மெர்லோ அதிகமா இருந்தா வைன் மென்மையா இருக்கும். ரோஸ்ட் சிக்கன், காளான் போதும்.

மீன்? பொதுவா வேண்டாம். ரெட் வைன்ல இருக்கிற இரும்புச்சத்து மீன் வாடையைத் தூக்கிக் காட்டும். ஆனா விலாங்கு மாதிரி இருக்கிற லாம்ப்ரேயை அந்த ஊர்க்காரங்க ரெட் வைன்லயே சமைக்கிறாங்க! நல்ல காரமான குழம்பும் கஷ்டம்தான். ஆல்கஹால் காரத்தை இன்னும் எரிய வைக்கும்.

கடைசியா ஒரு விஷயம். போர்தோவுல அதிகமா நட்டிருக்கிறது மெர்லோ. வெயில் கூடக் கூட அது ரொம்ப சீக்கிரம் பழுத்து, சர்க்கரை ஏறி, புளிப்பு குறையுது. அதனால 2021-ல் மார்சலான், போர்ச்சுகலோட தூரிகா நாசியோனால் உட்பட நாலு புது சிவப்பு வகைகளுக்கு அனுமதி கொடுத்தாங்க. கலவையில 10 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு கண்டிஷன்.

குளிருக்குப் பயந்து உருவான கலவை, இப்போ வெயிலுக்குப் பயந்து மாறுது. அடுத்த தடவை ஒரு போர்தோ பாட்டிலைப் பார்த்தா, லேபிள்ல இல்லாத அந்தத் திராட்சைப் பேருங்களை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!