நீலத்திரை கறுப்பான கதை

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ் உருவாகி முடிவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம், எம்ப்ராய்டரி இன்னோரிடம். துணி டெம்போவில் ஊர் சுற்றும். இருபது வருடங்களுக்கு முன்பு டிசைன் பென்டிரைவில் சுற்றியது. பையர் அனுப்பிய லோகோ எக்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து பிரிண்டிங் பட்டறைக்குப் போகும், அங்கிருந்து எம்ப்ராய்டரிக்குப் போகும், திருத்தத்துக்காக மறுபடி ஆபீஸுக்கு வரும். கூடவே வைரஸும் வரும். பென்டிரைவைச் சொருகியதும் ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில் ஒரு போலி ஃபோல்டர் நிற்கும். அதைத் திறந்தால் டாஸ்க் மேனேஜர் வேலை செய்யாது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் காணாமல் போகும். பென்டிரைவ் சொருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களில் அடைத்தது 2011 பிப்ரவரியில்தான்.

அப்படி நாள் முழுக்கப் பென்டிரைவ் வாங்கிய கணினிதான் ராத்திரியில் கேம் கணினி. கோரல் டிராவும் பஞ்சிங் சாஃப்ட்வேரும் ஓட நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி வாங்கியிருப்பார்கள். அந்தக் கார்டின் முழு பலத்தையும் கண்டது வைஸ் சிட்டியும் மோஸ்ட் வான்டடும்தான். நைட் ஷிஃப்டில் மெஷின் தலைகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அடுத்த டிசைன் வரும்வரை கவுன்டர் ஸ்ட்ரைக்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய அந்தக் கணினிகளுக்கு வாரம் ஒரு நீலத்திரை சாதாரணம். வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு எண் மின்னும், பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆகும். சர்வீஸுக்கு வரும் பையனிடம் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று, ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டுவது. அது பலிக்காவிட்டால், “ஃபார்மட் அடிச்சிரலாங்களா அண்ணா?”

பல இடங்களில் நோய் ராமில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒன்று இருக்கும். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7, புனேயில் ரிப்பேர் கடையாகத் தொடங்கி வளர்ந்த குவிக் ஹீல் போன்றவை அப்போதே கடைகளில் பெட்டியாகக் கிடைத்தன. அது ஒரு வைரஸைப் பிடிக்கவில்லை என்றதும் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து இன்னொன்றைப் போடுவார்கள். இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது கணக்கு. நடந்தது வேறு.

ஆன்டிவைரஸ் சாதாரண புரோகிராம் மாதிரி மேலே உட்கார்ந்திருப்பதில்லை. விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள் தன் டிரைவரை இறக்கி வைக்கிறது. எந்த ஃபைல் திறந்தாலும் முதலில் தன்னிடம் வரும்படி வழியை மாற்றிக்கொள்கிறது. எக்ஸ்பி காலத்தில் இதற்கு முறையான பாதைகள் போதாததால், விண்டோஸின் உள் அட்டவணையில் இருந்த முகவரிகளையே பல கம்பெனிகள் அழித்துத் தங்கள் முகவரியை எழுதின. இரண்டு ஆன்டிவைரஸ் இதையே செய்தால், கம்பெனி கேட்டில் இரண்டு வாட்ச்மேன் நிற்கும் கதைதான்: ஒருவர் பையைத் திறந்து பார்க்க, திறந்ததே குற்றம் என்று மற்றவர் அவர் கையைப் பிடிக்கிறார், பின்னால் ஷிஃப்டே நிற்கிறது. கணினியில் அதற்குப் பெயர் ஹேங். ஒருவர் எழுதிய முகவரியை மற்றவர் பாதியில் மாற்றிவிட்டால் கெர்னல் இல்லாத இடத்துக்குப் போய் விழும். அதுதான் நீலத்திரை.

கேமில் இது அதிகம் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. கேம் ஒரு லெவலை ஏற்றும்போது நூற்றுக்கணக்கான ஃபைல்களைச் சட்டென்று திறக்கிறது, கிராபிக்ஸ் டிரைவரை முழு வேகத்தில் ஓட்டுகிறது. கோரல் டிராவில் மறைந்திருக்கும் பழுது அங்கே வெளியே வரும். போதாததற்கு, திருட்டு கேமின் ‘கிராக்’ ஃபைலை ஒரு ஆன்டிவைரஸ் தூக்கிவிடும், அதைக் காப்பாற்ற ஆன்டிவைரஸை அணைத்து வைப்பார்கள், மறுநாள் பென்டிரைவ் வரும். எம்ப்ராய்டரி சாஃப்ட்வேரின் லைசென்ஸ் பூட்டான டாங்கிளுக்கும் ஒரு டிரைவர் உண்டு. அதுவும் அதே கெர்னலில்தான் உட்கார்ந்திருந்தது.

திருப்பூருக்கென்று இரண்டு உபரிக் காரணங்கள் இருந்ததையும் சொல்ல வேண்டும். பனியன் பஞ்சு கேபினட்டுக்குள் புகுந்து விசிறியில் மெத்தை மாதிரி படியும். மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் நின்ற நாட்கள் உண்டு. சூட்டினால் அணைந்ததா, கரண்ட்டினால் கெட்டதா, சாஃப்ட்வேர் சண்டையா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஷிப்மென்ட் தேதி நிற்காது. ஃபார்மட்தான் வேகமான வழி.

ஒரே ஒரு ஆன்டிவைரஸ் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று எண்ணித் தூக்கியது. உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அப்போது அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ். அவரிடம் திரும்பி வருவோம்.

பிறகு சில விஷயங்கள் நன்றாகவே சீர்பட்டன. 64-பிட் விண்டோஸ் தன் உள் அட்டவணையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று பூட்டியது. 2012-இல் விண்டோஸ் 8 டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸோடே வந்தது. வெளியிலிருந்து இன்னொன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பாதிச் சண்டை அத்தோடு தீர்ந்தது. டிசைனும் கூகுள் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் போக ஆரம்பித்தது.

ஆனால் பழைய கணினிக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட், கெர்னல் நினைவகத்தை முறைகேடாகத் தொட்ட ஆன்டிவைரஸ்களோடு மோதி நீலத்திரை காட்டியது. பொருந்தும் என்று ஆன்டிவைரஸே குறித்துக் காட்டினால்தான் அப்டேட் தருவோம் என்றது மைக்ரோசாஃப்ட். அதே மாதம் சில பழைய ஏஎம்டி பிராசசர் கணினிகள் அந்த அப்டேட்டால் பூட்டே ஆகாமல் போக, அவற்றுக்கு மட்டும் நிறுத்தி வைத்தார்கள். 2019 ஏப்ரலில் விண்டோஸ் 7-க்கு வந்த அப்டேட் அவாஸ்ட், அவிரா, சோஃபோஸ் இருந்த கணினிகளில் பலவற்றைத் தொடக்கத்திலேயே உறைய வைத்தது. இவை எதிலும் கணினி வைத்திருந்தவர் செய்த தவறு ஒன்றுமில்லை.

இன்று புது ஆள் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார்: ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்க கேமே கூட்டிவரும் ஆன்டி-சீட். 2020 ஜூனில் வெளியான வேலரன்ட் அப்படித்தான் வேன்கார்டு என்ற ஆன்டி-சீட்டோடு வந்தது. கேம் ஆடாதபோதும், கணினி தொடங்கும் நொடியிலேயே அது கெர்னலில் ஏறிவிடும். வந்த புதிதில், ஓட்டையுள்ள டிரைவர்கள் என்று சொல்லி சூட்டை அளக்கும், விசிறியைக் கட்டுப்படுத்தும் சில சாஃப்ட்வேர்களை அது தடுத்ததாகப் புகார்கள் எழுந்தன. 2025 மார்ச்சில் டிஃபெண்டரும் அதே வேலையைச் செய்தது. ஃபேன் கன்ட்ரோல் போன்ற இலவசச் சாஃப்ட்வேர்கள் நம்பியிருந்த வின்ரிங்0 டிரைவரைத் தீங்கானது என்று தூக்கியது. அந்த டிரைவரில் ஓட்டை இருந்தது உண்மை, தடுத்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பஞ்சு பறக்கும் ஊரில் பத்து வயதுக் கணினியை வைத்துக்கொண்டு விசிறியைக் கண்காணிப்பவனுக்கு அந்த நியாயம் எதற்கு உதவும்?

அன்று இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றைக் கழற்றினால் பிரச்சினை முடிந்தது. இன்று ஆன்டி-சீட்டைக் கழற்றினால் கேம் திறக்காது. நம் வீட்டுக் கணினியின் உள்மையத்தில் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு பொழுதுபோக்குக் கம்பெனிக்குப் போய்விட்டதை நான் முன்னேற்றமாக எண்ணவில்லை. ஏமாற்றி ஆடுபவர்களும் கெர்னலுக்குள்தான் புகுகிறார்கள், வேறு வழியில்லை என்கின்றன அந்தக் கம்பெனிகள். அது பாதி உண்மை.

விண்டோஸ் 11 வந்த பின் இன்னொரு முடிச்சு. அது கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு பழைய கணினியில் இல்லாவிட்டாலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத்தரக் கடைகள் இருக்கின்றன. போட்டதும் ஓடும். வேலரன்ட் மட்டும் ஓடாது, ஏனென்றால் விண்டோஸ் 11 என்றால் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் வேண்டும் என்று வேன்கார்டு கேட்கிறது. அதே கணினியை விண்டோஸ் 10-இல் விட்டிருந்தால் ஆடியிருக்கலாம். அந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

இனி கர்ட்ஸ். மெக்காஃபியை விட்டு வந்து அவர் இணைந்து தொடங்கிய கம்பெனி கிரவுட்ஸ்ட்ரைக். 2024 ஜூலை 19 அன்று அது அனுப்பிய ஒரு சிறு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டு கேம் கணினிகளை அது தொடவில்லை, அது பெரிய நிறுவனங்களுக்கான சரக்கு. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதன் பிறகுதான் பாதுகாப்பு சாஃப்ட்வேர்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையில் மும்முரமாக இறங்கியது. 2025-இல் ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்கு அதன் முன்னோட்டத்தைத் தரப்போவதாகவும் அறிவித்தது. அதே ஆண்டு விண்டோஸ் 11-இல் நீலத்திரை கறுப்பாக்கப்பட்டது. பழைய கணினியில் நீலம் நீலமாகவே இருக்கிறது.

அப்படிப்பட்ட கணினி உங்களிடம் இருந்தால், புது ராம் வாங்கும் முன் விசிறியின் பஞ்சை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். எப்போதோ நீக்கிய ஆன்டிவைரஸ் தன் டிரைவரை விட்டுப் போயிருக்கலாம். அதை முழுதாகத் துடைக்கும் கருவியைப் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. நீலத்திரை விழுந்தபோது விண்டோஸ் பெரும்பாலும் ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அது இருக்கும். எந்த டிரைவர் விழுந்தது என்ற துப்பு அதில் கிடைக்கும். அடுத்த முறை சர்வீஸ் பையன் “ஃபார்மட் அடிச்சிரலாங்களா?” என்று கேட்டால், அதைத் திறந்து பார்த்தாயா தம்பி என்று முதலில் கேளுங்கள்.