பேக்கப் திரும்பியதும் பில் போட அவசரப்பட வேண்டாம்

2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் அடையாறு கரை கடந்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பகுதிகளில் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மீண்டும் நீரில் நிறுத்தியது. அரிசியும் பருப்பும் நனைந்தால் அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் நனைந்தால், யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு நாம் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

பேக்கப் எடுத்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிய அன்று காலை என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். திங்கட்கிழமை இரவு பேக்கப் எடுத்தோம். அன்றைய கடைசி பில் எண் 4,812. புதன்கிழமை மாலை 4,960 ஆவது பில் போட்டவுடன் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வியாழன் காலை பேக்கப்பை ஏற்றுகிறோம். கணக்கு முழுவதும் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்னும் திங்கள் இரவுதான். அடுத்த பில்லுக்கு 4,813 என்று எண் தரும். அந்த எண்ணில் ஒரு பில் ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. ஒரே நிதியாண்டில் ஒரு பில் எண் இருமுறை வரக்கூடாது என்பது ஜி.எஸ்.டி. விதி 46. செவ்வாயன்று பாக்கியைக் கட்டிவிட்டுப் போனவர் பெயரில் மீண்டும் பாக்கி நிற்கும். அவரிடம் போய்க் கேட்டால் பணம் வராது, மனக்கசப்புதான் வரும். குடோனில் 6 மூட்டை துவரம் பருப்பு இருக்க, திரையில் 20 மூட்டை என்று காட்டும்.

பேக்கப் திருப்பித் தருவது பழைய ஏட்டை மட்டுமே. சரக்கும் பணமும் அதற்குப் பின் நகர்ந்துவிட்டன. இரண்டையும் ஒத்துப் பார்க்கும் வரை புதிதாக எதையும் பதியக் கூடாது. பழையது எதையும் அழிக்கக் கூடாது.

முதலில், பழுதான டிஸ்க்கைத் தனியே எடுத்து வையுங்கள். செவ்வாய், புதன் கணக்கு அதில்தான் இருக்கிறது. நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும், வெயிலில் காய வைப்பதும் கூடாது. மீட்பு வேலை தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள். கம்ப்யூட்டர் ஓடுகிறது, கணக்கு மட்டும் கெட்டது என்றால், கெட்ட ஃபோல்டரை முழுவதுமாக வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, பேக்கப்பைப் புதிய ஃபோல்டரில் ஏற்றுங்கள். டேலி போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு நிறுவனக் கணக்கும் எண்ணிட்ட ஒரு ஃபோல்டரில் இருக்கும். அதே இடத்தில் ஏற்றினால் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பிறகு மீட்பதற்கு மிச்சம் இராது.

தியாகராய நகரில் பல கிளைகளை ஒரே சர்வரில் இணைத்து நடத்தும் பெரிய கடைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். எந்த டிஸ்க்கில் எந்தக் கிளையின் கணக்கு என்ற பட்டியலை நிர்வாக மென்பொருள் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் பழைய பேக்கப்பை ஏற்றினால், அதற்குப் பின் சேர்த்த டிஸ்க் அதில் இராது. கணக்கு நிறைந்த டிஸ்க்கை 'அறியாதது' என்றோ 'காலி' என்றோ அது காட்டக்கூடும். 'ஃபார்மட் செய்யவா', 'இனிஷியலைஸ் செய்யவா' என்று திரை கேட்டால் சம்மதிக்காதீர்கள். முதலில் டிஸ்க்கை நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்த பின், 'இம்போர்ட்' வழியாகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வருபவருக்கு வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரம் இருக்கும். பக்கத்தில் நிற்க வேண்டியவர் முதலாளி.

அடுத்தது, விடுபட்ட நாட்களை நிரப்புவது. பில் நகல்கள், வங்கி மற்றும் யு.பி.ஐ. வரவு விவரம், சரக்கு கொடுத்தவர்களின் பில்கள், இ-வே பில் பதிவுகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கொள்முதலைச் சரிபார்க்க ஜி.எஸ்.டி. இணையதளத்தில் 2பி அறிக்கை பயன்படும். சில்லறை விற்பனை அங்கே பில்வாரியாக இராது என்பதால் நமது நகல்களே ஆதாரம். இடைப்பட்ட 148 பில்களையும் அவற்றின் பழைய எண்ணிலும் தேதியிலும் பதிந்து, அடுத்த எண் 4,961 என்று வரும்படி செய்யுங்கள். குடோன் இருப்பை ஆள் வைத்து எண்ணுங்கள். பாக்கிதாரர்களிடம் பணம் கேட்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

அதுவரை கடையை மூட வேண்டியதில்லை. வேறு எழுத்தில் தொடங்கும் தனி வரிசை எண்ணில் கையால் பில் எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதி அனுமதிக்கிறது. கணக்கு சரியானதும் அந்தப் பில்களையும் அதே வரிசையில் ஏற்றிவிடலாம்.

இது நம் வசதிக்காக மட்டும் அல்ல. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மின்னணுக் கணக்கு அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது. ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டப் பிரிவு 36.

பேக்கப்பைக் கடையிலேயே வைப்பதிலும் பயனில்லை. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடம் தீப்பிடித்து, பின்னர் இடிக்கப்பட்டதைப் பார்த்தோம். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், ஒரு விடுமுறை நாளில், வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள். கடைசி பில் எண், கல்லா இருப்பு, பெரிய பாக்கிதாரர் பத்துப் பேரின் நிலுவை, இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பேக்கப்புடனும் வையுங்கள். ஆபத்து நேரத்தில், திரையில் தெரிவதை ஒத்துப் பார்க்க அந்த ஒரு தாள் போதும்.