டெங்குக் காய்ச்சலும் கல்லீரலும்

கல்லீரல் நோய் என்றதும் மக்கள் நினைவில் எழுவது மஞ்சட்காமாலையே. கண் மஞ்சளிக்காதவரை ஈரலுக்குக் கேடில்லை என்பது பலர் துணிபு. டெங்குக் காய்ச்சலில் இத்துணிபு பொருந்தாது. அந்நோயிற் கண் மஞ்சளித்தல் அரிது. ஈரல் சிறிதேனும் தாக்குறுதலோ பெரும்பான்மை.

நுளம்பினாற் பரவும் இவ்வைரசு நோய் 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேரைப் பீடித்ததாகப் பதிவாயிற்று; 400 பேருக்கு மேல் மாண்டனர். மேல்மாகாணத்திலேயே நோய் மிகுந்ததெனினும் ஊவாவும் அதற்கு விலக்கன்று. பசறையைச் சூழ்ந்த தோட்டங்களில், லயத்தருகே கிடக்கும் தகரப்பேணியிலும் பழைய டயரிலும் தேங்கும் மழைநீரே ஈடிசு நுளம்பு பெருகப் போதுமானது.

இந்நோயில் ஈரல் கேடுறும் வழிகள் மூன்று. வைரசு ஈரற் கலங்களுட் புகுந்து அவற்றைச் சிதைத்தல் முதலாவது. சிதைந்த கலங்களின் நொதியங்கள் குருதியிற் கலக்கும். அவற்றின் அளவு 1000 அலகை எட்டின் அது கடுமையான டெங்கு என 2009 இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. இரண்டாவது, காய்ச்சல் தணியும் வேளையிற் குருதிநீர் நாளங்களினின்று கசிதல். அதனாற் குருதியமுக்கம் தாழ்ந்து, ஈரலுக்குச் செல்லும் குருதி குறையும். ஆதலின் காய்ச்சல் தணிந்தமையே நலமடைந்தமைக்குச் சான்றாகாது.

மூன்றாவது, மனிதர் தம் கையால் விளைப்பது. பரசிற்றமோல் மாத்திரை ஈரலிலேயே மாற்றமுறுகின்றது. அப்போது தோன்றும் சிறு நச்சுப்பொருளை ஈரல் தானே அடக்கும். அளவு மிகின் அவ்வாற்றல் தீர்ந்துபோம். ஒரு நாட்பேர் போய்விடுமென்றஞ்சி, மாத்திரைமேல் மாத்திரை விழுங்கி மலைக்குச் செல்லும் தொழிலாளர், முன்னரே நொந்த ஈரலின்மேல் மேலுமொரு சுமையை ஏற்றுகின்றனர். வளர்ந்தோர்க்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒருமுறைக்கு 2, ஆறு மணிக்கு ஒருமுறை என்பதே உச்ச எல்லை. உடல் எடை குறைந்தோர்க்கு அதனினும் குறைவு. வேறு வேறு பெயரில் விற்கப்படும் மாத்திரைகளுள் இம்மருந்தே அடங்கியிருத்தலும் உண்டு. அசுப்பிரின், இபுபுரோபென் போன்றன குருதிப்போக்கைத் தூண்டுமாதலின் முற்றும் விலக்கத்தக்கன.

காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடிப்பின் குருதிப் பரிசோதனை வேண்டும். வயிற்றுநோ, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியன காணின், கண் மஞ்சளிக்குமோ எனக் காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பெரிதும் வற்புறுத்துவது உணவின் அளவையே. உணவுக்கே அளவு வேண்டுமெனின், மருந்துக்கு வேண்டும் அளவைச் சொல்லவும் வேண்டுமோ? மாணவர் இதனைத் தம் இல்லங்களில் எடுத்துரைப்பாராயின், கற்ற கல்வி ஓருயிரையேனும் காக்கும்.