தில்லிக் கல்லூரி: இரு கல்வி மரபுகளின் சந்திப்பு

ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த கல்விக்கூடங்கள் யாவும் கீழை அறிவைப் புறக்கணித்தவையே என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. தில்லிக் கல்லூரியின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

தில்லி அஜ்மீரி வாசலருகே இருந்த காஜியுத்தீன் மதரஸாவைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1825இல் கல்லூரியாகச் சீரமைத்தது. 1828இல் ஆங்கில வகுப்பு சேர்ந்தது. 1829இல் அவத் அமைச்சர் நவாப் இஃதிமாதுத் தௌலா 1,70,000 ரூபாயை நன்கொடையாக அளித்தார். அரபும் பாரசீகமும் பயின்ற கீழைப் பிரிவு மாணவர்க்குக் கணிதம், வானியல் முதலிய மேனாட்டுக் கலைகள் உருது மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. இதுவே அக்கல்லூரியின் தனிச்சிறப்பாகும். சீனர்க்கும் ஆங்கிலேயர்க்கும் பாலமாக 1912இல் திறக்கப்பட்ட ஹாங்காங் பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலமே பயிற்றுமொழி. சீனக் கல்விக்கெனத் தனித்துறை 1927இல்தான் அமைந்தது.

1840களில் முதல்வர்களாயிருந்த பூத்ரோ, ஸ்ப்ரெங்கர் ஆகியோர் காலத்தில் மொழிபெயர்ப்புச் சங்கத்தின் வாயிலாக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் உருதுவில் வெளிவந்தன. அறிவு எதிர்த்திசையிலும் பயணித்தது. கணித ஆசிரியர் ராமச்சந்திரர் 1850இல் கல்கத்தாவில் வெளியிட்ட நூலை, கணித மேதை டி மார்கன் 1859இல் லண்டனில் மறுபதிப்புச் செய்வித்தார்.

எனினும், 1852இல் ராமச்சந்திரர் கிறித்தவரானபோது பெற்றோரின் ஐயம் வலுத்தது. 1857இல் முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது. 1864இல் மீண்டும் திறந்த கல்லூரி, 1877இல் மூடப்பட்டு லாகூர்க் கல்லூரியுடன் இணைக்கப்பட்டது.

அக்கல்லூரியின் அரபுப் பேராசிரியர் மம்லூக் அலீ (ரஹ்) அவர்களின் மாணவரே மௌலானா முஹம்மது காசிம் நானூத்தவி (ரஹ்). 1866இல் எழுந்த தேவ்பந்த் மதரஸா, வகுப்புமுறையையும் ஆண்டுத் தேர்வையும் மேற்கொண்டது. கல்லூரியின் பழைய மாணவர்களான நஜீர் அஹ்மதும் ஜகாவுல்லாஹ்வும் சர் சையித் அஹ்மத் கானின் அலிகார் இயக்கத்திற்குத் துணைநின்றனர். ஒரே இடத்தில் கூடியிருந்த இரு மரபுகள் இவ்வாறு தனித்தனி வழியில் சென்றன.

அப்பிரிவின் விளைவை நாம் இன்றும் காண்கிறோம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலிருந்து தமிழ்வழிப் பள்ளிப்படிப்புடன் அரபுக் கல்லூரி புகும் மாணவரிடம் கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் பள்ளியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் வாரிசுரிமைப் பங்கீட்டிற்குக் கணிதமும், தொழுகை நேரங்களை அறிய வானியலும் இன்றியமையாதவை அல்லவா? ஆலிம்களும் அறிவியல் ஆசிரியர்களும் ஒன்றுகூடி இவ்விரண்டிற்கேனும் தமிழில் பாடநூல் ஆக்குதல் நம் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. தில்லியில் உருதுவால் இயன்றது தமிழாலும் இயலும்.